1999-ல் நான் திறந்துவிட்ட கேஸ்

போன மே மாதம் டெல்லி மயூர் விஹாரில் ஒரு வீட்டில் ஏசி வேலை. மூன்றாவது மாடி, பால்கனிக்கு வெளியே சுவரில் அவுட்டோர் யூனிட், பதினொரு வருடப் பழைய ஒன்றரை டன் ஸ்பிளிட், உள்ளே குளிர்விக்கிற ஆர் 22 கேஸ். அவுட்டோர் காயிலில் பொத்தல் விழுந்து பாதி கேஸ் ஏற்கெனவே போயிருந்தது. மீதியை வெளியே எடுக்காமல் பொத்தலைப் பற்றவைக்க முடியாது. நான் ரிகவரி மிஷினையும் காலி சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் கேட்டார். மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், தஞ்சாவூர்ப் பக்கம். "எதுக்குப்பா இதெல்லாம்? போன தடவை வந்த பையன் நட்டை லூஸ் பண்ணி அஞ்சு நிமிஷத்துல வெளியே விட்டுட்டானே."

அது காற்றில் கலந்தால் கெடுதல் சார், உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்கிறேன், நாற்பது நிமிடம் ஆகும் என்றேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகவே சொன்னார். "நீ அரை கிலோவைப் பிடிச்சு வெச்சு என்ன ஆகப்போறது? பூமி சூட்டைக் குறைக்கணும்னு இருநூறு நாடு வருஷா வருஷம் ஒவ்வொரு ஊரா கூடிப் பேசறான். அமெரிக்காக்காரனே வெளியே போறேன்னுட்டான். நாடுகள் ஒண்ணா சேர்ந்து எதையும் செஞ்சதா சரித்திரமே கிடையாதுப்பா."

"ஒரு தடவை செஞ்சிருக்காங்க சார்" என்றேன். அதற்கு மேல் பேசக் கையில் நேரம் இல்லை. வெயில் 44 டிகிரி, பால்கனிக் கம்பியைத் தொட முடியவில்லை, அடுத்த வீட்டிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவே இல்லை. அவரைப் போலப் படித்தவர்கள், உலகம் சுற்றியவர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். அது உண்மையில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த ஒரு தடவை நடந்தது என் கடைக்குள்ளேயே நடந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

1998-ல் பிளஸ் டூ முடித்துவிட்டு விழுப்புரத்திலிருந்து சென்னை வந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்து டெல்லிக்கு வந்தேன். மாமா முனிர்கா கிராமத்துக்குள் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஷட்டர் எட்டடி அகலம், உள்ளே ஒரே ஒரு பெஞ்ச். ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்கள்தான் அவருக்கு முதல் வாடிக்கை. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகும் மாமிகள் அப்படியே கடைக்கும் வந்து ஃபிரிட்ஜ் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சைக்கிளில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நாங்கள் பின்னாலேயே போவோம்.

அப்போதைய ஃபிரிட்ஜ்களில் ஆர் 12. கம்ப்ரஸர் போய்விட்டால் முதல் வேலை பழைய கேஸைத் திறந்துவிடுவது. கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செம்புக் குழாய் இருக்கும், அதைக் கட்டிங் பிளேயரால் நறுக்கினால் சீறிக்கொண்டு வரும். கூடவே எண்ணெய்ச் சாரல். குழாய் முனையில் உறைபனி வெள்ளையாகப் பூக்கும். வெயில் நாளில் நான் முகத்தை அதற்குக் கிட்டே கொண்டுபோவேன், அவ்வளவு குளிர்ச்சி. மணம் இல்லை, எரியாது, மூச்சு முட்டாது. "இதுல பயப்பட ஒண்ணுமில்லடா" என்பார் மாமா. அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கேஸை 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் உண்டாக்கியதே அதற்காகத்தான். அதற்கு முன் ஃபிரிட்ஜில் அம்மோனியாவும் கந்தக டை ஆக்சைடும் ஓடின, கசிந்தால் வீட்டில் இருப்பவர்கள் சாவார்கள். அதற்குப் பதிலாக யாரையும் எதுவும் செய்யாத ஒரு கேஸ் வந்தது. எங்கள் தொழிலுக்கே அது வரம்.

எதோடும் சேராத, எதையும் எரிக்காத அந்தக் குணம்தான் பிறகு வினையாகிப் போனது. மழையில் கரையாது, வெயிலில் சிதையாது, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மேலே ஏறும். ஓசோன் இருக்கிற உயரத்துக்குப் போன பிறகு, அங்கே அடிக்கிற புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினைக் கக்கும். ஒரு குளோரின் அணு ஓய்வதற்குள் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழித்துவிடும் என்கிறார்கள். ஓசோன் மெலிந்தால் அந்தக் கதிர் கீழே வரும். தோலில் புற்றுநோய், கண்ணில் புரை, பயிருக்கும் கேடு. இதோடு அந்தக் கேஸ் பூமியின் வெப்பத்தையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ ஆர் 12, கரியமில வாயுவைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். ஒரு ஃபிரிட்ஜில் நூறு கிராமுக்குச் சற்று கூடுதலாக இருக்கும். அதாவது ஒரு ஃபிரிட்ஜ், ஒரு டன்.

ஆர் 12 காற்றில் ஏறக்குறைய நூறு வருடம் தங்கும் என்று பிறகு தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 1999-ல் முனிர்காவில் நான் நறுக்கிவிட்ட குழாய்களிலிருந்து போனதில் முக்கால்வாசி இன்றைக்கும் தலைக்கு மேலே இருக்கிறது. மாமா காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. அவர் திறந்துவிட்ட கேஸ் இன்னும் இருக்கிறது.

எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே தவிர, விஷயம் வெளியே தெரிந்துதான் இருந்தது. 1974-லேயே மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்தக் கேஸ்கள் ஓசோனை அழிக்கும் என்று எழுதிவிட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் கம்பெனிகள் மறுத்துக்கொண்டிருந்தன. 1985-ல் அண்டார்டிகாவில் இருந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கே ஓசோன் படலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது என்று அளந்து காட்டினார்கள். இரண்டே வருடத்தில், 1987 செப்டம்பர் 16 அன்று கனடாவின் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஓசோனில் விழுந்த அந்த ஓட்டைக்குக் காரணம் குளோரின்தான் என்று அப்போது முழுசாக நிரூபணம்கூட ஆகவில்லை. முழு நிச்சயம் வரும் வரை காத்திருக்கவில்லை என்பதைப் படித்தபோது அந்த மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

முதலில் எழுதியது அரைகுறை ஒப்பந்தம்தான். முக்கியமான கேஸ்களைப் பாதியாகக் குறைப்போம் என்று மட்டும் இருந்தது. 1990-ல் லண்டனில் கூடி முழுவதும் நிறுத்துவோம் என்று மாற்றினார்கள், 1992-ல் கோபன்ஹேகனில் தேதியை இன்னும் முன்னால் இழுத்தார்கள். ஃபிளேர் நட்டை ஒரே முறுக்கில் இறுக்கினால் செம்பு கிழிந்துவிடும். கொஞ்சம் இறுக்கி, சோப்பு நுரை தடவிப் பார்த்து, குமிழி வந்தால் மறுபடி இறுக்க வேண்டும். அவர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

லண்டன் கூட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்தியாவும் சீனாவும் அதுவரை ஒப்பந்தத்தில் சேரவில்லை. கெடுத்தது நீங்கள், மாற்றுக் கேஸுக்குத் தொழிற்சாலை கட்டக் காசும் தொழில்நுட்பமும் யார் தருவார்கள் என்று இந்தியா கேட்டது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த மேனகா காந்தி லண்டனில் இதற்காக விடாமல் வாதாடினார். அந்தக் கூட்டத்தில்தான் ஒரு தனி நிதியம் பிறந்தது. பணக்கார நாடுகள் பணம் போட வேண்டும், மற்ற நாடுகளின் தொழிற்சாலைகள் மாறுவதற்கு ஆகும் கூடுதல் செலவை அது ஏற்கும். அதை நடத்தும் குழுவில் 14 இடம். ஏழு பணக்கார நாடுகளுக்கு, ஏழு நம்மைப் போன்ற நாடுகளுக்கு. பணம் போடுகிறவனுக்குத்தான் அதிகாரம் என்று வைக்கவில்லை. இதுவரை 400 கோடி டாலருக்கு மேல் அதன் வழியாக வந்திருக்கிறது. 1992-ல் இந்தியா சேர்ந்தது.

எங்களுக்குப் பணக்கார நாடுகளைவிடப் பத்து வருடத்துக்கும் மேல் கூடுதல் அவகாசம் கிடைத்தது. அதனால்தான் 1999-ல் நான் ஆர் 12 அடித்துக்கொண்டிருந்தேன், அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. அப்போது அது நமக்கு அநியாயச் சலுகை என்று சிலர் பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் வீட்டில் ஐம்பது வருடமாக ஃபிரிட்ஜ் ஓடியது, எங்கள் தெருவில் அப்போதுதான் பத்து வீட்டுக்கு ஒன்று வந்திருந்தது.

2000-களின் நடுவில் ஒருநாள் சங்கத்து ஆள் ஒருவர் வந்து இரண்டு நாள் வகுப்பு இருக்கிறது, சாப்பாடும் சான்றிதழும் தருகிறார்கள், வா என்றார். ஓசோன் திட்டத்தில் நடந்த பயிற்சி. முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம், பாதிப் பேர் என் வயது. அங்கேதான் முதல்முறையாக ரிகவரி மிஷினைப் பார்த்தேன், ஓசோன் என்ற சொல்லையும் ஒழுங்காகக் கேட்டேன். ஒரு சர்தார்ஜி எழுந்து, எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள், கேஸ் செய்கிற ஃபாக்டரிக்காரனிடம் போய்ச் சொல்லுங்கள் என்று சத்தம் போட்டார். பாடம் எடுத்தவர், ஃபாக்டரிக்குத் தேதி குறித்தாகிவிட்டது, உங்களுக்கும் குறித்தாகிவிட்டது, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டோம் என்றார்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. முதலில் ஆர் 12 விலை ஏறியது, அப்புறம் கடைக்காரர் இரண்டு சிலிண்டர் கேட்டால் ஒன்று கொடுத்தார், அப்புறம் அதுவும் இல்லை. 2008 ஆகஸ்ட் 1-ல் இந்தியா அந்தக் கேஸ்களின் உற்பத்தியை நிறுத்தியது, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்துக் குப்பிக்கு மட்டும் விலக்கு. ஒப்பந்தம் கொடுத்த கெடு 2010 ஜனவரி. பதினேழு மாதம் முன்னாடியே முடித்துவிட்டோம். தெருவில் ஒரு போராட்டம் இல்லை, ஒரு கடை மூடவில்லை. ஃபிரிட்ஜ் வாங்க வந்த ஒரு மாமிக்கும் உள்ளே கேஸ் மாறியது தெரியாது. மாண்ட்ரியலில் போட்ட கையெழுத்து இருபது வருடம் பயணம் செய்து முனிர்காவில் எங்கள் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தது.

ஏமாற்றினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஏமாற்றியும் பார்த்தார்கள். ஒப்பந்தம் நிறுத்தச் சொன்ன சி.எஃப்.சி. 11 என்ற கேஸ் காற்றில் குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை, யாரோ புதிதாகச் செய்கிறார்கள் என்று 2018-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் இருக்கிற காற்று அளக்கும் நிலையங்களின் கணக்கை வைத்து, பெரும்பகுதி சீனாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வருகிறது என்று அடுத்த வருடமே காட்டினார்கள். சீன அரசு இறங்கி நடவடிக்கை எடுத்தது, அளவு மறுபடி இறங்கியது. இதோடு ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு இந்தக் கேஸ் வியாபாரமே கூடாது என்ற விதியும் ஆரம்பத்திலிருந்தே உண்டு, அதனால் வெளியே நின்று லாபம் பார்க்கவும் வழியில்லை. இன்று உலகத்தின் எல்லா நாடுகளும் அதில் உறுப்பினர். அண்டார்டிகாவுக்கு மேலே இருக்கிற ஓட்டை 2066 வாக்கில் 1980-ல் இருந்த நிலைக்கு வரும் என்று 2023 ஜனவரியில் ஐ.நா. அறிக்கை சொன்னது. என் பேத்திக்குக் குழந்தை பிறக்கிற காலம். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

சரி, இதில் எல்லாமே நல்லபடியாக நடந்தது என்று சொல்லவில்லை. ஆர் 12-க்குப் பதில் வந்த ஆர் 134ஏ, ஏசியில் ஆர் 22-க்குப் பதில் வந்த ஆர் 410ஏ, இவற்றில் குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் 410ஏ கரியமில வாயுவைப் போல இரண்டாயிரம் மடங்கு. ஒரு நோயை ஆற்றி இன்னொன்றை வளர்த்த மாதிரி ஆனது.

இன்னொரு கதையும் உண்டு, அது எனக்கு வருத்தமானது. ஆர் 22 செய்யும்போது எச்.எஃப்.சி. 23 என்ற கேஸ் கழிவாக வரும், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 14,800 மடங்கு. பூமி சூடாவதைக் குறைக்கப் போட்ட கியோட்டோ ஒப்பந்தத்தில் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள்: ஏழை நாட்டு ஃபாக்டரி கரியமில வாயுக் கணக்கில் ஒரு டன் மாசைக் குறைத்தால் அதற்கு ஒரு கார்பன் சீட்டு, அதைப் பணக்கார நாட்டுக் கம்பெனி வாங்கிக்கொள்ளலாம். கழிவை எரிக்க ஆகும் செலவு கொஞ்சம், சீட்டில் வந்த பணமோ கொள்ளை. இந்தியாவிலும் சீனாவிலும் சில ஃபாக்டரிகளுக்குக் கேஸ் விற்பதைவிடக் கழிவை எரிப்பது லாபமான தொழிலாகிவிட்டது. கழிவுக்காகவே உற்பத்தி நடக்கிறது என்ற சந்தேகம் வந்து, 2013-லிருந்து ஐரோப்பா அந்தச் சீட்டுகளை ஏற்க மறுத்தது. அதுவும் நாடுகள் கூடிப் போட்ட ஏற்பாடுதான். 2016-ல் இந்தியாவே அந்தக் கழிவை எங்கள் ஃபாக்டரிகள் சொந்தச் செலவில் எரிக்க வேண்டும் என்று அறிவித்தது. ஒற்றுமையாக இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வேன். என்ன எழுதுகிறோம், காசு எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் பார்க்க வேண்டும்.

அந்த அறிவிப்பு வந்த இடம் ருவாண்டாவின் கிகாலி. 2016 அக்டோபர் 15, ராத்திரி முழுக்கப் பேசி விடியற்காலையில் முடித்தார்கள். பழைய மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குள்ளேயே இந்தப் புதிய கேஸ்களையும் கொண்டுவந்தார்கள். பணக்கார நாடுகள் 2019-ல் குறைக்கத் தொடங்க வேண்டும், சீனாவும் வேறு பல நாடுகளும் 2024-ல் ஏற்றத்தை நிறுத்த வேண்டும், இந்தியாவுக்கு 2028. அதன் பிறகு படிப்படியாக இறங்கி 2047-ல் 85 சதவீதம் குறைத்திருக்க வேண்டும். எங்கள் வரிசையில் யார் யார் என்று பார்த்தால் பாகிஸ்தான், ஈரான், ஈராக், சவூதி, குவைத். வேறு விஷயங்களில் எளிதில் ஒத்துப்போகாத இந்த நாடுகள் வெயிலை வைத்து ஒரே வரிசையில் நிற்கின்றன. இது முழுசாக நடந்தால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் 0.5 டிகிரி வரை சூட்டைத் தவிர்க்கலாம் என்பது கணக்கு. ஒற்றை ஒப்பந்தத்தில் அரை டிகிரி என்பது சின்ன விஷயம் இல்லை.

இந்தியாவுக்கு ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கிறவர்களை என் அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். ஜங்புராவில் நாலு வீட்டில் வேலை செய்கிறாள். பதினெட்டு வருடமாகத் தகரக் கூரைக்குக் கீழேதான் குடும்பம். நாலு வீட்டிலும் ஏசி உண்டு, மூன்றுக்கு நான்தான் சர்வீஸ். 2024 மே 29 அன்று டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி, 79 வருடத்தில் அவ்வளவு ஏறியதில்லை என்றார்கள். அந்த வாரம் தகரத்துக்குக் கீழே என்ன சூடு என்று அளக்க நினைத்து என் தெர்மாமீட்டரைக் கொண்டுபோனேன், அளக்கவில்லை. அக்கா பையனுக்கு ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதைப் பார்த்துவிட்டு எப்படி அளப்பது. அவளிடம் இருப்பது ஒரு கூலர். மே மாதத்து வறண்ட காற்றில் கூலர் உயிரைக் காப்பாற்றும். ஜூலையில் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் தண்ணீர் ஆவியாகாது, வெறும் விசிறிதான். இந்தியாவில் இன்னும் பத்து வீட்டில் ஒன்பதுக்கு ஏசி கிடையாது. 2024-ல் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. அக்காவும் ஒருநாள் வாங்குவாள், வாங்கத்தான் வேண்டும். அவளுக்குள்ள பங்கைச் சேர்த்துக் கேட்டு வாங்கியதுதான் அந்த 2028 என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் அவள் வாங்குகிற ஏசிக்குள் என்ன கேஸ் இருக்கும், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதே 2024-ல் ஜூன் 19 அன்று டெல்லியின் மின் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை வராத உச்சம். அந்த ராத்திரிகளில் முனிர்காவின் சந்துகளில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு பக்கமும் அவுட்டோர் யூனிட்டுகள் வீட்டுச் சூட்டைச் சந்தில் கொட்டிக்கொண்டிருக்கும், சந்தில் கட்டில் போட்டுப் படுத்திருப்பவர்கள் அதைச் சுவாசித்துக்கொண்டிருப்பார்கள்.

ஓசோன் வேலையையும், பூமி சூடாவதைத் தடுக்கப் போட்ட பாரிஸ் ஒப்பந்தத்தையும் சேர்த்துப் பார்ப்பது முழு நியாயம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஓசோனைக் கெடுத்த கேஸை உலகத்தில் சில பத்து ஃபாக்டரிகள்தான் செய்தன, மாற்றும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது. நிலக்கரியும் பெட்ரோலும் அப்படி இல்லை, நம் சோற்றிலிருந்து துணி வரை எல்லாவற்றிலும் இருக்கின்றன. இருந்தாலும் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பழைய கம்ப்ரஸரைக் கழற்றும் முன் புதியது கையில் இருக்க வேண்டும், யார் காசு தருவார்கள் என்பதையும் பேசி முடித்திருக்க வேண்டும். மாண்ட்ரியலில் இந்த இரண்டும் இருந்தன. பாரிஸில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக்கொள்கிறது. பணத்தைப் பொறுத்தவரை, வருடத்துக்குப் பத்தாயிரம் கோடி டாலர் 2020-க்குள் தருவோம் என்று 2009-ல் சொன்னார்கள், 2022-ல்தான் அந்த அளவு எட்டியது. 2024-ல் பாகுவில் நடந்த மாநாட்டில் 2035-க்குள் வருடத்துக்கு முப்பதாயிரம் கோடி டாலர் என்றார்கள், ஏழை நாடுகள் கேட்டது ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடி. முடிவை அறிவித்துச் சுத்தியல் தட்டிய பிறகு இந்தியாவின் பிரதிநிதி சாந்தினி ராய்னா எழுந்து இதை ஏற்க முடியாது, இது வெறும் கண்கட்டு என்ற பொருளில் பேசினார். அந்த வீடியோவை நான் நாலைந்து தடவை பார்த்தேன். 1990-ல் லண்டனில் கேட்டதையேதான் அவர் கேட்டார். அன்றைக்குப் பதில் கிடைத்தது.

இப்போது என் பெஞ்சுக்கு வருகிறேன். நல்லபடியாக நடந்த அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைத் தினமும் நான் பார்க்கிறேன். ஒப்பந்தம் எண்ணுவது புதிதாகச் செய்கிற கேஸை, இறக்குமதி ஆகிற கேஸை. ஏற்கெனவே கோடிக்கணக்கான மிஷினுக்குள் இருக்கிற கேஸைப் பற்றி அதில் கட்டாயம் எதுவும் இல்லை. மயூர் விஹார் பால்கனியில் மாட்டியிருந்த அந்த அரை கிலோ அதில்தான் சேரும்.

ஒரு கிலோ ஆர் 22 கரியமில வாயுவில் ஏறக்குறைய 1.8 டன். பெட்ரோலில் கணக்குப் போட்டால் 780 லிட்டர் எரித்த மாதிரி. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் போகிற காரில் டெல்லியிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பி, மறுபடி ஒருமுறை போய்த் திரும்பலாம். அதை ஐந்து நிமிடத்தில் ஒரு பையன் ஸ்பேனரால் திறந்துவிடுகிறான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. அவனுக்கு ஒரு வேலைக்கு இவ்வளவு என்று கூலி. சீசனில் ஒரு நாளைக்கு எட்டு வீடு பார்த்தால்தான் மழைக்காலத்தில் அடுப்பு எரியும். ரிகவரி மிஷின் என் இரண்டு மாத வருமானம், பதினாறு கிலோ எடை, ஒவ்வொரு வேலைக்கும் நாற்பது நிமிடம் கூடுதல். அதற்குக் காசு தருகிற வாடிக்கையாளர் பத்தில் ஒருவர்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. டெல்லியில் எந்த மெக்கானிக்காவது அரை அடிச் செம்புக் குழாயைத் தூக்கிப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மாட்டான். துண்டு துண்டாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வான், ஏனென்றால் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரர் எடை போட்டுக் காசு தருவார். பிடித்த கேஸுக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலையும், வாங்கிச் சுத்தம் செய்ய ஊருக்கு நாலு இடமும் இருந்தால் போதும், ஒரு வருடத்தில் ஊர்ப் பழக்கமே மாறிவிடும். அந்த நிதியம் இத்தனை ஃபாக்டரிகளுக்குச் செலவு செய்திருக்கிறது, எங்கள் பயிற்சிக்கும் செய்திருக்கிறது, இதற்கும் செய்யட்டும். 2019-ல் அரசு போட்ட குளிர்ச்சித் திட்டத்தில் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள், அது நல்ல காரியம், நானே அப்படி ஒரு வகுப்பில்தான் மாறினேன். பயிற்சி எடுத்தவன் கையில் மிஷினும் பிடித்த கேஸுக்கு விலையும் இருக்க வேண்டும். இப்போது வருவது ஆர் 32, அடுத்து ஆர் 290 என்ற புரோப்பேன். வெப்பத்துக்கு 290 கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாது, ஆனால் தீப்பிடிக்கும். மாமா சொன்ன "பயப்பட ஒண்ணுமில்லடா" இனி செல்லாது. என்னிடம் வேலை பழகுகிற கள்ளக்குறிச்சிப் பையன், "அண்ணே, வேலை பார்க்கிற எடத்துல பீடி பத்த வைக்கக் கூடாதுன்னு கஸ்டமருக்கு நாம எப்பிடிண்ணே சொல்றது?" என்று கேட்கிறான். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று பழக்குகிறேன்.

மயூர் விஹாரில் அன்று பொத்தலைப் பற்றவைத்து, நைட்ரஜன் அடித்துக் கசிவு பார்த்து, வேக்யூம் போட்டு முடிக்கும்போது மூன்று மணி ஆகிவிட்டது. பிடித்த கேஸைத் தராசில் வைத்தேன், 480 கிராம். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து எண்ணைப் பார்த்தார். மோர் கொண்டுவரச் சொன்னார். நான் குடித்து முடிக்கும் வரை சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை இப்போ எங்கே கொண்டுபோய்க் கொடுப்பே?" என்றார்.

கடையில் வைத்திருக்கிறேன் சார் என்றேன். விசாரித்த இடத்தில் எல்லாம் இவ்வளவு கொஞ்சத்தை வாங்குவதில்லை என்றுதான் சொன்னார்கள். இப்போது பெஞ்சுக்குக் கீழே இரண்டு சிலிண்டர் நிற்கிறது, ஆர் 22 தனி, 410ஏ தனி, கலந்துவிட்டால் எதற்கும் ஆகாது. தேதியும் எடையும் எழுதி அட்டை கட்டியிருக்கிறேன், இரண்டும் சேர்த்துப் பதினான்கு கிலோ ஆகிறது. சனிக்கிழமை கடை சாத்தும் முன் பையன் வால்வில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறான்.